கழற்றி மாட்டக்கூடிய தோட்டம்

தில்லியில் நம்மவர் வீடுகளுக்குப் போனால் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும். "எல்லாம் ரிடயர் ஆனதும் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்!" இந்த வாக்கியத்துக்குள் அடங்காத விஷயமே இல்லை. ஒருவர் பாட்டுக் கற்றுக்கொள்வதைத் தள்ளிப் போட்டிருப்பார். இன்னொருவர் தேவாரம் படிப்பதைத் தள்ளிப் போட்டிருப்பார். ஆனால் பட்டியலில் முதல் இடம் எப்போதும் செடி கொடிகளுக்குத்தான். "ஊரில் ஒரு சின்ன வீடு, வாசலில் நாலு பூச்செடி, கொல்லையில் ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை" என்று கண்கள் மின்னச் சொல்வார்கள். சொல்லி முடித்த கையோடு, கறிவேப்பிலை வாங்கப் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார்கள்.

நான் இந்த ஊருக்கு வந்து 27 வருஷங்கள் ஆகின்றன. அதற்குள் ஐந்து வீடுகள் மாறியாகிவிட்டது. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். நம்மில் பலர் இந்த ஊரில் கழிக்கும் முப்பது, முப்பத்தைந்து வருஷங்களை, ரயில் நிலையத்தின் வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்திருப்பதைப் போலவே கழிக்கிறோம். பெட்டி பக்கத்தில் இருக்கிறது, வண்டி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் நம் குழந்தைகளுக்கு இது வெயிட்டிங் ரூம் அல்ல. அவர்களுடைய பிள்ளைப் பருவம் முழுவதும் இங்கேதான் நடக்கிறது. நாம் ஊருக்குப் போய் முதல் கறிவேப்பிலைக் கன்றை நடும்போது அவர்கள் பெங்களூரிலோ சிகாகோவிலோ இருப்பார்கள்.

ஆகவே என் கட்சி இதுதான். செடியை இங்கேயே வைக்க வேண்டும், இப்போதே வைக்க வேண்டும், அதற்கான தொட்டியை நம் கையாலேயே செய்ய வேண்டும். அதுவும் மரமும் இரும்பும் கலந்து, ஆணி அடிக்காமல், நட்டு போல்ட்டு போட்டு, கழற்றி மாட்டக்கூடியதாகச் செய்ய வேண்டும்.

உடனே இரண்டு ஆட்சேபங்கள் எழும் என்பது எனக்குத் தெரியும். ஒன்று, "இது நம் வீடு இல்லையே சார்!" மற்றொன்று, "இதெல்லாம் நம் வேலை இல்லையே சார்!" இரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் போன்ற அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். தரைத்தளத்து வீடு கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கையளவு மண் கிடைத்தால் போதும், முருங்கை, கறிவேப்பிலை, மருதாணி, துளசி என்று வைத்துவிடுவார்கள். மாற்றல் வரும்போது எல்லாவற்றையும் அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பிறகு 2016இல் இந்த மூன்றையும் சேர்த்து ஏழு குடியிருப்புகளை இடித்து மறுபடி கட்டுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2018 ஜூனில் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். உயர்நீதிமன்றம் தலையிட்டு வெட்டுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பெரிய மரங்களுக்காவது கேட்க ஆள் இருந்தது. வீட்டுக்காரம்மா ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்ட கறிவேப்பிலைக் கன்றுக்காக எந்த நீதிமன்றம் போவது?

இன்று நம்மில் பெரும்பாலோர் இருப்பது அடுக்குமாடிகளில். சொந்த வீடானாலும் சரி, வாடகை வீடானாலும் சரி, நமக்கென்று உள்ள மண் பால்கனி அளவுதான். வாடகை வீட்டில் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வயிற்றில் புளி கரைக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு, வீடு மாறும்போது கூடவே வரக்கூடிய தோட்டம்தான் தோட்டம். நான் செய்து வைத்திருக்கும் தொட்டியைக் கழற்றினால், ஒரு கட்டு பலகை, ஒரு கட்டு இரும்பு, ஒரு டப்பா போல்ட்டு. செடியை வேர் மண்ணோடு சாக்கில் சுற்றினால் டெம்போவில் ஒரு மூலை போதும். என் கறிவேப்பிலை இப்படி இரண்டு வீடு மாறிவிட்டது.

மண் தொட்டி, பிளாஸ்டிக் தொட்டி எல்லாம் கடையில் கிடைக்கின்றனவே என்பீர்கள். மண் தொட்டியை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அது டெம்போ பயணத்துக்கு ஏற்றதல்ல. மலிவான பிளாஸ்டிக் தொட்டி தில்லி வெயிலில் இரண்டு மூன்று கோடை கடந்ததும் அப்பளம் போல நொறுங்கும். தில்லிக்காரர்கள் கனஸ்தர் என்று சொல்லும் எண்ணெய் டின்னை வெட்டிச் செடி வைப்பதும் பழைய வழக்கம். அது துருப்பிடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மே மாத வெயிலில் தகரம் கொதித்து, செடியின் வேரையும் வேக வைத்துவிடும்.

இங்கேதான் மரமும் இரும்பும் சேர்வதன் அருமை தெரிகிறது. மரத்தைவிட இரும்பு சில நூறு மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே மண்ணைத் தொடும் சுவர் மரமாக இருக்க வேண்டும். ஆனால் ஈரமண்ணின் பாரத்தைத் தாங்க மரம் மட்டும் போதாது. நாளடைவில் பலகை வயிறு தள்ளும், ஆணி பிதுங்கும். ஆகவே எலும்புக்கூடு இரும்பாக இருக்க வேண்டும். எலும்பு இரும்பு, தோல் மரம். சூட்சுமம் இவ்வளவுதான்.

இரும்புக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். நம்மவர் வீடுகளில் புத்தகத்துக்கோ, சமையலறைச் சாமானுக்கோ, சில வீடுகளில் சுவாமி படங்களுக்கோகூட ஒரு ஸ்லாட்டட் ஆங்கிள் ராக் இருக்கும். நீள நீளமான துளைகள் போட்ட அந்த இரும்புச் சட்டம்தான் நமக்கு வேண்டியது. துளை ஏற்கெனவே இருப்பதால் வெல்டிங் வேண்டாம், இரும்பில் துளையிடவும் வேண்டாம். பழைய ராக் இல்லாதவர்கள் சாவ்ரி பஜாரிலோ பக்கத்து ஹார்டுவேர் கடையிலோ விசாரித்தால் அளவுக்கு வெட்டியே தருவார்கள். பழைய ராக்கை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதிகள் நம் நாட்டில் 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தன. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஆகையால் குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, மேலே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட்டும் எனாமல் பெயின்ட் இரண்டு கோட்டும் கொடுத்தால் போதும். வெட்டிய முனைகளை மறக்கக்கூடாது. துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

மரத்துக்கு கீர்த்தி நகர் மர மண்டி இருக்கிறது. தேக்கு சிறந்தது, விலைதான் கையைக் கடிக்கும். தேவதாரு நல்லது. அதில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ப் பசையால் எளிதில் மக்காது. காஷ்மீரத்துப் படகு வீடுகளை அந்த மரத்தில்தான் கட்டுகிறார்கள். சால் மரம் உறுதியானது, ஆனால் கனம் அதிகம். பார்சல் பெட்டிப் பலகை மலிவாகக் கிடைக்கும். அதில் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்று இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற விஷவாயுவில் வைத்தது, வேண்டாம். முத்திரையே இல்லாததையும் விட்டுவிடுங்கள். பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டை கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அது மக்காமலிருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறியது. நாம் கீரை பறித்துச் சாப்பிடப் போகிற தொட்டிக்கு அது ஆகாது.

மர மண்டியில் எனக்குக் கிடைத்த ஒரு சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே அளவு பேசும்போது, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை 'சூத்' என்கிறார்கள். "ச்சே சூத் கா பட்டா" என்றால் ஆறு சூத் கனமுள்ள பலகை, அதாவது முக்கால் அங்குலம். நம் ஊர்த் தச்சர்கள் அதே அளவை 'நூல்' என்பார்கள். இந்தியில் சூத் என்றாலும் நூல்தான்! பாஷை தெரியாத ஊர் என்று நாம் பயந்துகொண்டு வந்த இடத்தில், தச்சு வேலைக்காரர்கள் ஒரே வார்த்தையை இரண்டு மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் 27 வருஷம் இந்தியில் கோப்பு பார்த்த எனக்கு இது மர மண்டிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

இனி அளவுகள். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி ஆழம் ஒரு பால்கனிக்குத் தாராளம். கால்கள் நான்கும் 15 அங்குலம் இருக்கட்டும். தொட்டியின் அடி தரையிலிருந்து 3 அங்குலம் உயர்ந்து நிற்கும், கீழே காற்று போகும், துடைப்பமும் போகும். மேலும் கீழும் நீளச் சட்டம் இரண்டிரண்டு, அகலச் சட்டம் இரண்டிரண்டு, அடிப்பலகையைத் தாங்கக் குறுக்கே இரண்டு, நீளப் பக்கங்களின் நடுவில் நிற்கவைக்க ஒவ்வொன்று, ஆக மொத்தம் சுமார் 25 அடி ஆங்கிள். முக்கால் அங்குலக் கனமும் 4 அங்குல அகலமும் உள்ள பலகை, பக்கத்துக்கு மூன்று, அடியில் மூன்று என்று சுமார் 33 அடி. சேதாரத்துக்கு இரண்டு அடி கூட வாங்கிக்கொள்ளுங்கள்.

பலகைகளை இரும்புச் சட்டத்துக்கு உள்பக்கமாகப் பொருத்த வேண்டும். இதுதான் முக்கியம். அப்போது மண்ணின் பாரம் பலகையைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும், பிரிக்கப் பார்க்காது. ஒவ்வொரு பலகையின் இரு முனையிலும் ஒரு போல்ட்டு, ஒன்றரை அங்குல நீளம், இரண்டு பக்கமும் வாஷர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விடுங்கள். மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும். இந்த ஊரில் ஆடியின் புழுக்கத்துக்கும் வைகாசியின் அனல்காற்றுக்கும் நடுவில் அது படும் பாடு கொஞ்சமல்ல. இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றையொன்று நெருக்கி வெடிக்கும். ஆங்கிளின் துளை நீளமாக இருப்பதால் போல்ட்டும் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும்.

போல்ட்டு துத்தநாகப் பூச்சு உள்ளதாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்து வெறும் இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கன்னங்கரேலென்று கறை ஓடும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியது இதே முறையில்தான். மை காகிதத்துக்கு அழகு, பால்கனித் தரைக்கு அல்ல.

பலகையின் வெளிப்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை தடவினால் நெடுநாள் உழைக்கும். தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடித்துக்கொள்வதுண்டு. விரித்துக் காயவைத்து, பிறகு தண்ணீரில் நனைத்து எறியுங்கள். உள்பக்கம் கெட்டியான பாலிதீன் ஷீட்டைப் பதித்து, அடிப்பலகையில் அரை அடிக்கு ஒரு துளையாக, அரை அங்குல அளவில் போடுங்கள். ஷீட்டிலும் அதே இடத்தில் துளை வேண்டும். மேலே பழைய கொசுவலைத் துண்டு ஒன்றைப் பரப்பினால் மண் போகாது, தண்ணீர் மட்டும் போகும்.

கொசுவலை என்றதும் ஞாபகம் வருகிறது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீரைத் தேக்காதீர்கள். 1996இலும் 2015இலும் டெங்கு இந்த ஊரை என்ன பாடு படுத்தியது என்பதை இருந்து பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கொசு முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தரை நனையக் கூடாது என்று தட்டு வைத்தே ஆக வேண்டுமானால், அதைத் தினமும் கவிழ்க்க வேண்டும். மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்து சலான் கிழிப்பார்கள் என்பதற்காக மட்டும் அல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தைக்காகவும்தான்.

எடையையும் யோசிக்க வேண்டும். இந்தத் தொட்டி சுமார் 70 லிட்டர் கொள்ளும். ஈரமான தோட்டமண்ணை மட்டும் நிரப்பினால் மண் மட்டுமே 110, 120 கிலோ வரும். பால்கனி என்பது ஒருபக்கம் மட்டும் கட்டடத்தோடு பிணைந்து, மறுபக்கம் ஆகாயத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தளம். ஆகவே தொட்டியைச் சுவர் ஓரமாக வையுங்கள், வெளி விளிம்பில் வேண்டாம். கைப்பிடிக் கம்பிக்கு வெளியே தொங்கவிடுவது கூடவே கூடாது, கீழே நடப்பவர்களுக்கும் தலை இருக்கிறது. மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்தால் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், வேருக்கும் இதம். இந்த நார்க்கழிவு ஐந்து கிலோக் கட்டியாக, கோகோபீட் என்ற பெயரில் இங்கே எல்லா நர்சரியிலும் கிடைக்கிறது. பையைத் திருப்பிப் பார்த்தால் பொள்ளாச்சி என்று அச்சிட்டிருப்பதையும் பார்க்கலாம். ஊருக்கு நாம் போகாவிட்டால் என்ன, ஊர் நம்மைத் தேடி வருகிறது!

இப்போது இரண்டாவது ஆட்சேபத்துக்கு வருகிறேன். உண்மையில் இதுதான் பெரியது.

நான் பால்கனியில் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, எதிர் ஃபிளாட்டு நண்பர் எட்டிப் பார்த்தார். அவரும் நம்மவர்தான், நன்கு படித்தவர். "என்ன சார், மிஸ்திரி வரலையா?" என்றார். "மிஸ்திரியைக் கூப்பிடவே இல்லை சார்" என்றேன். "ஏன் சார், உங்களுக்கு என்ன தலையெழுத்தா?" என்றார். பரிவோடு கேட்டார். அந்தப் பரிவுதான் என்னை யோசிக்க வைத்தது.

கையால் செய்கிற வேலை தலையெழுத்து. பேனாவால் செய்கிற வேலை அந்தஸ்து. இந்த எண்ணம் நம்மிடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது! நாம் சொந்த ஊரை விட்டு வந்தோம், உடை மாறினோம், சப்பாத்திக்குப் பழகினோம், ஆனால் இந்த எண்ணத்தை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டோம். இதன் விளைவைப் பாருங்கள். நம் பிள்ளைகள் மெக்கானிகல் இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வுக்கு இரண்டு வருஷம் கோச்சிங் போகிறார்கள். வீட்டில் ஒரு ஸ்க்ரூ கழன்றால், "அப்பா, ஆளைக் கூப்பிடு" என்கிறார்கள். திருப்புளியை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று தெரியாமலே இன்ஜினீயர் ஆகிவிடலாம் போலிருக்கிறது.

1937இல் வார்தாவில் காந்திஜி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே படிப்பின் நடுவில் வைத்தது. நாடு அதைக் கொண்டாடிவிட்டு ஓரமாக வைத்துவிட்டது. நம் மாநிலத்திலோ 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் வீட்டுத் தொழிலிலும் இருக்கலாம் என்றார்கள். தச்சர் மகன் தச்சனாகவே இருக்கட்டும் என்பதா என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கைவிட்டது சரியே என்பது என் கருத்து. பிறப்பைப் பார்த்துத் தொழிலைத் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் அந்தத் திட்டத்தை விட்டபோது, கைவேலை எல்லாருக்கும் வேண்டும் என்பதையும் சேர்த்து விட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது. தச்சர் மகள் டாக்டராக வேண்டும், சந்தேகமே இல்லை. அதேபோல குமாஸ்தாவின் மகனும் இழைப்புளியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றவர்களிடம் பிள்ளைகள் பழக வேண்டும் என்று சொல்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற அம்சங்கள் பற்றி எனக்கும் உங்களுக்கும் ஆயிரம் அபிப்பிராயம் இருக்கலாம். இந்தப் பத்து நாள் நல்ல யோசனை. பள்ளிக்கூடம் செய்யட்டும் என்று காத்திருக்காமல் வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையை நாமே ஒதுக்கினால் என்ன?

நான் ஒதுக்கினேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளும் கூட இருந்தார்கள். சட்டத்தைப் பூட்டியபோது அது கோணலாக நின்றது. மூலைமட்டம் எட்டாத இடம். "மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்" என்றேன் மகனிடம். இரண்டு குறுக்களவும் சமமாகும்வரை தட்டித் தட்டிச் சரி செய்தான். சமமானதும் நாலு மூலையும் தானாகவே நேராகிவிட்டன. "அப்பா, இது ஜியாமெட்ரி புஸ்தகத்துல இருக்கு!" என்றான், ஏதோ புத்தகம் வாக்குத் தவறாமல் நடந்துகொண்டதைப் போன்ற ஆச்சரியத்தோடு. மகள் போல்ட்டு முடுக்கும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பெண் குழந்தைக்கு ஸ்பானர் எதற்கு என்று கேட்கிறவர்கள், தயவு செய்து என் வீட்டுக்கு வந்து அவளிடமே கேட்கலாம்.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. எல்லாரும் தாமே செய்துகொண்டால் மிஸ்திரியின் பிழைப்பு என்ன ஆவது? வாழ்நாளில் ஒரு தொட்டி செய்கிறவரால் எந்த மிஸ்திரிக்கும் நஷ்டம் வராது. மாறாக, ஒரு பலகையை நேராக அறுக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று ஒருமுறை தெரிந்துகொண்டவர், அடுத்த முறை மிஸ்திரியிடம் கூலி பேசும்போது ஐம்பது ரூபாய்க்காக வாதாட மாட்டார். என் மகன் இப்போது வேலைக்கு வருகிற தச்சரின் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். "பையா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் "உஸ்தாத்ஜி" என்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மிகைப்படுத்த விரும்பவில்லை. தொட்டியில் செடி வைத்தால் தில்லியின் நச்சுக் காற்று சுத்தமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். 1989இல் அமெரிக்க நாசா ஆய்வு மூடிய சிறு அறைகளில் செய்து பார்த்ததை வைத்துப் பரவிய பேச்சு அது. சாதாரண வீட்டில் அந்தப் பலன் கிடைக்க வேண்டுமானால் அடி எடுத்து வைக்க இடமில்லாத அளவுக்குச் செடிகள் வேண்டும் என்பதைப் பின்னாளில் வந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. கார்த்திகை மாதத்துப் புகைக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது, அதை அரசாங்கங்கள்தான் தர வேண்டும். தொட்டி தருவது காலை நேரத்தில் ஒரு கைப்பிடிக் கீரையும், துவையலுக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலையும்தான். அது போதாதா?

என்ன வைப்பது என்பதை இந்த ஊர்ப் பருவம் தீர்மானிக்கட்டும். குளிர்காலத்துக்கு வெந்தயக் கீரை, கொத்துமல்லி, பாலக். வெயில் காலத்துக்குத் தண்டுக்கீரை, இங்கே சௌலாய் என்பார்கள். கறிவேப்பிலையை மாசி, பங்குனியில் வையுங்கள். முதல் குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். தண்ணீரைக் குறைத்துக் காத்திருந்தால் பனி விலகியதும் துளிர்க்கும். கற்பூரவல்லிக்குக் குளிர் ஆகாது, மார்கழியில் சிறு தொட்டிக்கு மாற்றி உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை. விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், எல்லாம் வேண்டியவையே. கூடவே சங்கத்தில் ஒரு கருவிப் பெட்டி வைக்கலாம். ஒரு டிரில், இரண்டு ரம்பம், ஒரு மூலைமட்டம், ஒரு செட் ஸ்பானர், உளி, இழைப்புளி. நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல தச்சர் ஒருவருக்கு உரிய கூலியும் மரியாதையும் கொடுத்து அழைத்து, மேடை ஏற்றாமல், பிள்ளைகளின் நடுவில் உட்காரவைத்துக் கற்றுத்தரச் சொல்லலாம். அவர் இந்திக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. நூலுக்கு சூத் என்று நம் பிள்ளைகள் அவரிடமிருந்தும், சூத்துக்கு நூல் என்று அவர் நம் பிள்ளைகளிடமிருந்தும் தெரிந்துகொள்ளட்டும்.

இது ஆகிற காரியமா என்று செயற்குழு யோசித்துச் சொல்ல வேண்டும். ஆகாது என்றால் ஏன் என்று வாசகர்கள் எழுத வேண்டும். அதுவரை என் டிரில்லையும் ஸ்பானர் செட்டையும் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். கொண்டுபோகிறவர்கள் ஒரே ஒரு நிபந்தனைக்குச் சம்மதிக்க வேண்டும். வேலை நடக்கும்போது வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் அவை இருக்க வேண்டும்.